தட்டை ஒதுக்குவதா, நிரப்புவதா?

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றதும் முதலில் நடப்பது, அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியே ஒதுக்குவது. தட்டு வழியே இந்த நோய் பரவுவதில்லை, காற்றில் வருகிறது. அந்தக் காற்றைச் சுவாசித்து, கிருமியைச் சுமக்கும் எல்லோரும் படுத்துவிடுவதும் இல்லை. தொற்று ஏற்பட்டவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோய் வருகிறது. மற்றவர்களைக் காப்பாற்றுவது எது?

நுரையீரலில் இறங்கும் கிருமியை அங்கு காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் விழுங்குகின்றன. ராபர்ட் காக் 1882-ல் அடையாளம் காட்டிய இந்தக் கிருமி லேசுப்பட்டதல்ல. மெழுகுப் போர்வை போர்த்தியது. விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். உடனே ரத்தத்திலிருந்து உதவிப் படை வருகிறது. முதலில் நியூட்ரோஃபில்கள், மோனோசைட்டுகள். சில வாரங்களில் டி அணுக்கள். டி அணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா, மேக்ரோஃபேஜ்களை உசுப்பிவிடுகிறது. எல்லாம் கூடிக் கிருமியைச் சுற்றி மதில் எழுப்புகின்றன. உள்ளே சில கிருமிகள் சாகின்றன. சில பல்லாண்டுகள் உறங்குகின்றன.

இந்த மதிலுக்கு நாள்தோறும் காவல் தேவை. டி அணுக்களை எச்.ஐ.வி. அழிக்கும்போது மதில் சரிகிறது. மூட்டுவாதத்துக்குத் தரப்படும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து, மதிலைத் தாங்கும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுப்பதால் சிலருக்குக் காசநோய் கிளம்பியது 2001-ல் தெரியவந்தது. நீரிழிவும் காவலைத் தளர்த்துகிறது.

இந்தியாவில் மதிலை அதிகம் இடிப்பது இவை எதுவுமல்ல, பசி. ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. 2,800 நோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேர் அதில் இருந்தனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருட்கள் தரப்பட்டன. குடும்பத்தினரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் மாதந்தோறும் அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரைகள். அந்தப் பிரிவில் புதிதாக நோய் வந்தது சுமார் 39 சதவீதம் குறைவு. புது மருந்தோ தடுப்பூசியோ இல்லை, ரேஷன்.

சிகிச்சைக் காலத்தில் நோயாளிக்கு அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் தந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. நல்லதுதான். ஆனால் அதே கூரையின் கீழ், அதே காற்றைச் சுவாசிக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதில் தனிப் பங்கில்லை. அவர்களுடைய ரத்தமும் காவல் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. காவல்காரனைப் பட்டினி போட்டுவிட்டுத் திருடனைத் திட்டிப் பயனில்லை.