பிறகு பார்த்துக்கொள்ளலாம்

நம் இல்லங்களில் நாள்தோறும் அதிகமாக ஒலிக்கும் சொற்கள் எவையென்று யாரேனும் கணக்கெடுத்தால், 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது முன்வரிசையில் நிற்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பங்கிலுள்ள இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது அதற்கான சான்றுகளைக் காணாத தெருவே இல்லை. பூசப்படாத பின்சுவர், கதவு வைக்கப்படாத அலமாரி, கைப்பிடி இல்லாத மாடிப்படி, வாங்கி வந்த பெட்டியிலேயே உறங்கும் மாவரைக்கும் இயந்திரம் என்று அவை பல. பணமுடை ஒரு காரணந்தான். ஆயினும் வெளிநாட்டுப் பணம் வந்து சேர்ந்த வீடுகளிலும் அந்தப் பின்சுவர் அப்படியே நிற்கிறது. ஆகையால் பணம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட என் மனம் ஒப்பவில்லை.

சென்ற நவம்பரில் பத்து நாள் விடுப்பில் என் தம்பி வீட்டிற்குச் சென்றிருந்தேன். 84 வயதான எங்கள் அன்னை அவனுடன்தான் வாழ்கிறார். திருச்சி பொன்மலை இரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்த எங்கள் தந்தையார், 1983ஆம் ஆண்டில் கடன் வாங்கிக் கட்டிய வீடு அது. நான் போய் இறங்கியதும் தம்பியின் மனைவி ஒரு தாளை நீட்டினார். பல மாதங்களாகத் தேங்கிக் கிடந்த பதினொரு வேலைகள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. "சாமி வந்திருக்கும்போதாவது இதெல்லாம் நடக்கட்டும்" என்றார். உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதத்தில் இத்தனை வேலைகள் ஈடேற்றத்திற்காகக் காத்திருந்தது பொருத்தமாகவே எனக்குத் தோன்றியது.

ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது கால்மணி நேர வேலையாக முடிந்தது. மின்விசிறியின் முனகல் அதற்குச் சற்றுக் கூடுதல். அடுத்தது கொல்லைக் கதவு. மழைக்காலத்தில் அது நிலையில் இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. தந்தையாரின் கருவிப் பெட்டியிலிருந்து இழைப்புளியைத் தம்பி எடுத்தான். அம்மா தடுத்தார். "மழைக்காலத்துல கதவை இழைச்சா கோடையில சந்து விழும்னு அப்பா சொல்வாரு. தை பிறக்கட்டும்" என்றார். அது முற்றிலும் சரி. மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதும். காய்ந்தால் தானே சுருங்கும். ஊதிய அளவை நம்பிச் செதுக்கினால், மார்ச் மாதத்தில் அந்தச் சந்து வழியே பல்லியும் வரும், பாம்பும் வரும். ஆகவே அந்த வேலையைத் தள்ளிப்போட்டதைச் சோம்பல் என்று சொல்வதற்கில்லை.

அந்தத் தாளின் முதல் வரியில் இருந்தது அம்மாவின் உயிர்வாழ் சான்று. மைய அரசின் குடும்ப ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் வங்கிக்கு நேரில் சென்று கையொப்பமிட்டால் போதும். அந்த வழி இன்றும் உண்டு. விரல்ரேகையைக் கொண்டு கணினி வழியாகச் சான்றளிக்கும் 'ஜீவன் பிரமாண்' முறை 2014ஆம் ஆண்டில் வந்தது. இதுவே எளிது என்று எண்ணி, அருகிலிருந்த ஒரு சேவை மையத்திற்கு அம்மாவை ஆட்டோவில் அழைத்துச் சென்றோம். கருவி அவருடைய விரல்களை ஏற்கவில்லை. அங்கிருந்த பெண் பொறுமைசாலி. விரலைத் துடைத்தும் ஈரப்படுத்தியும் பத்து விரல்களையும் வைத்துப் பார்த்தார். முதுமையில் தோல் உலர்ந்து ரேகைகள் ஆழம் குன்றிவிடுகின்றன. கைவேலை செய்தவர்களுக்கு அவை தேய்ந்தே போகின்றன. சாம்பலும் புளியும் கொண்டு அறுபது ஆண்டுகள் பாத்திரம் துலக்கிய விரல்களில் கருவி எதைக் காணும்? "இந்தக் கைதான் உங்களையெல்லாம் வளர்த்துச்சுன்னு அதுக்கு எங்கே தெரியப்போகுது" என்று சொல்லிச் சிரித்தார் அம்மா. திரும்பி வரும் வழியில் அவர் பேசவில்லை.

மறுநாள், பெங்களூரில் பணிபுரியும் தம்பி மகன் தொலைபேசியில் வழி சொன்னான். 2021ஆம் ஆண்டு முதல் கைப்பேசியே முகத்தைப் பார்த்துச் சான்றளிக்கும் முறை வந்திருக்கிறதாம். அதற்கு இரண்டு செயலிகள் வேண்டும். தம்பியின் கைப்பேசியிலோ இடமில்லை. உறவினர்கள் அனுப்பிய 'காலை வணக்கம்' படங்கள் நூற்றுக்கணக்கில் அடைத்துக்கொண்டிருந்தன. அவற்றை அழிப்பதிலேயே ஒரு மணி நேரம் சென்றது. ஓய்வூதியத் தாள்களில் பேரனுடைய எண்ணே கொடுக்கப்பட்டிருந்தமையால் தம்பி அதையே பதித்தான். இரகசிய எண் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தது. பேரன் அப்போது அலுவலகக் கூட்டத்தில் இருந்தான். அவன் அழைத்தபோது எண் காலாவதியாகியிருந்தது. ஒரு தாய் தன் வீட்டுக் கூடத்தில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதைச் சொல்ல இத்தனை ஊர்கள் தேவைப்பட்டன.

மாலையில் ஒருவாறு முகம் காட்டும் கட்டத்தை எட்டினோம். அம்மா தம் அறையில் கட்டிலின்மேல் அமர்ந்திருந்தார். கண்களை இமைக்கும்படி கைப்பேசி பணித்தது. அவரோ இமையாமல் அதை உற்று நோக்கிக்கொண்டிருந்தார். "கண்ணைக் கொட்டாதேன்னு சொல்லித்தானே எங்க கல்யாணத்துல படம் எடுத்தாங்க! இப்ப கொட்டு கொட்டுங்குது" என்றார். வெளிச்சமும் போதவில்லை. சன்னலருகே கட்டில் இருக்குமே என்று பார்த்தால், அது வழக்கமான இடத்தினின்றும் இரண்டடி விலகிக் கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரையில் ஓதம் பரவிப் பழுப்பு நிறத்தில் படர்ந்திருந்தது. ஓரிடத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது.

அம்மாவைத் தாழ்வாரத்திற்கு அழைத்து வந்து சான்றை முடித்தோம். அதன்பின் தம்பி கேட்டான்: "கட்டிலை ஏம்மா நகர்த்தினீங்க?"

"மேலேருந்து தூள் விழுந்துச்சு. சொன்னா, மொட்டைமாடிக் கம்பியை வெட்டணும்பீங்க."

அக்கம்பிகளைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். மாடி எழுப்ப நினைப்பவர்கள், மேலே வரும் தூணின் கம்பியோடு இணைத்துக் கட்டுவதற்காகக் கீழ்த்தளத் தூண்களின் கம்பிகளை இரண்டடிக்கு மேல் நீட்டி விடுவது வழக்கம். நம் ஊர்களில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி இவை வானை நோக்கி நிற்பதை வாசகர்கள் அறிவீர்கள். எங்கள் வீட்டில் ஆறு தூண்கள். தூணுக்கு நான்காக 24 கம்பிகள். 40 ஆண்டுகளுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் நின்றவை. இரும்பு, மரத்தைப்போல் காய்ந்து பழைய நிலைக்குத் திரும்புவதன்று. துருவானது, தான் உண்டான இரும்பைவிட இருமடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. கம்பி வழியே இறங்கும் நீர் உள்ளே துருவை வளர்க்க, துரு கான்கிரீட்டைப் பிளக்க, அந்தப் பிளவு மேலும் நீரைக் குடிக்கிறது. வெளியே தெரியும்போது கூரையில் பாதி வேலை நடந்திருக்கும். வெட்ட வேண்டும் என்று கொத்தனார் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சொன்னாராம். அம்மா சம்மதிக்கவில்லை என்றான் தம்பி.

"மூத்த பையனுக்கு மாடி" என்று சொல்லித்தான் தந்தையார் அவற்றை விட்டிருந்தார். 1986இல் நான் குருமடத்தில் சேர்ந்தேன். அதன்பிறகு அவற்றுக்கு வேலையில்லை. குருப்பட்டம் பெற்ற ஆண்டிலும் அவற்றை அவர் வெட்டவில்லை. 2009இல் இறக்கும்வரை வெட்டவில்லை. தம்பியின் மகனுக்காக இருக்கலாம் என்றே நான் எண்ணியிருந்தேன்.

அம்மா அன்றிரவு, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "ஊரெல்லாம் என் மகன் சாமியார்னு பெருமையாச் சொல்லுவாரு. எங்கிட்ட மட்டும், 'புள்ளைக்கு ஒத்துவரலைன்னா திரும்பி வரட்டும். யாரும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. அவனுக்கு மாடி இருக்கு'ம்பாரு. அதான் அந்தக் கம்பி."

குருமடத்திலிருந்து திரும்பி வந்த இளைஞர்கள் பலரை நான் அறிவேன். அவர்களுள் சிலர் சொந்த வீட்டிற்குள் நுழையவே அஞ்சி, உறவினர் வீடுகளில் மாதக்கணக்கில் தங்கியதும் எனக்குத் தெரியும். அப்படி நேர்ந்திருந்தால் எனக்கென ஒரு மாடி காத்திருந்தது என்பதை 38 ஆண்டுகளுக்குப் பிறகே கேள்விப்பட்டேன். சோற்றைத் தொடர்ந்து உண்பது சற்றுக் கடினமாக இருந்தது.

"இப்ப என்ன செய்யலாம் அண்ணே?" என்றான் தம்பி.

நான் விடை கூறுமுன் அம்மாவே சொன்னார்: "இனிமேயா திரும்பி வரப்போறாரு? மழை நின்னதும் வெட்டிடுங்க."

இரண்டு நாள் வெயில் அடித்தது. கொத்தனார் வந்து கம்பிகளைத் தளமட்டத்திற்குக் கீழே வெட்டி, துருவைச் சுரண்டி, வெடித்த கான்கிரீட்டைக் கொத்தியெடுத்துப் புதிதாக நிரப்பினார். என்றேனும் மாடி எழுப்ப நினைத்தால் துளையிட்டுப் பசையால் புதுக்கம்பி பதிக்க இப்போது வழியுண்டு என்று தம்பிக்கு ஆறுதலும் சொன்னார். வெட்டிய கம்பிகள் 14 கிலோ இருந்தன. பழைய இரும்புக்காரர் தந்த பணத்தை அம்மா எண்ணிப் பாராமலே முந்தானையில் முடிந்துகொண்டார்.

நான் புறப்படும்போது தாளில் ஆறு வரிகள் அடிக்கப்பட்டிருந்தன. கொல்லைக் கதவுக்கு எதிரே 'தை' என்று எழுதியிருந்தார் தம்பி மனைவி. கட்டில் மீண்டும் சன்னலோரத்துக்கு வந்துவிட்டது.