கோரமண்டல் போஸ்ட்கார்டும் ஏலச்சீட்டும்

போன வாரம் ஈபேல ஒரு பழைய போஸ்ட்கார்டு. தங்கவயல், எங்க கோரமண்டல்! அப்பாவுக்குன்னு 20 டாலர் உச்ச விலை போட்டேன் (கஞ்சன்). முடியற நேரத்துல ஆபீஸ் மீட்டிங். ஒருநாள் நீட்டுங்களேன்னு விக்கிறவருக்கு மெயில் தட்டினேன். முடியாதாம். ஒருத்தர் விலை கேட்டுட்டாலே ஏல நாளை மாத்த முடியாது. நியாயம்தான், இல்லன்னா விலை ஏறுறவரைக்கும் இழுத்துக்கிட்டே போவாங்க.

நம்மூர் அரசாங்க சுரங்க ஏலத்துல கடைசி 8 நிமிஷத்துல யாராவது கேட்டா, தானா இன்னும் 8 நிமிஷம் நீளும். ஈபேல அந்தப் பேச்சே இல்ல. கடைசி நொடியில எவரோ அடிச்சுட்டுப் போயிட்டார்.

எங்க லைன் ஏலச்சீட்டுல மூணாந்தரம் சொல்றதுக்கு முன்னாடி மாமா எல்லார் முகத்தையும் ஒருதரம் பார்ப்பார். 2001ல மைன்ஸ் மூடினதும் சீட்டும் நின்னுபோச்சு.

அப்பாகிட்ட போன்ல சொன்னேன். படத்துல எந்த ஷாஃப்ட்டுன்னு மட்டும் கேட்டார்.