வெற்று அடைப்புக்குறி

ஜிசிசி கம்பைலரின் 15-ஆம் பதிப்புக்கு மாறிய அன்று, பல வருடங்களாகச் சிக்கலின்றி கம்பைல் ஆகிவந்த பழைய சி நிரல் ஒன்று பாதியில் நின்றது. ‘கெட்என்வ்’ ஃபங்ஷனுக்கு ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு டிக்ளரேஷன்கள் இருப்பதாகப் பிழைச் செய்தி வந்தது. ஒன்று, ‘எஸ்டிடிலிப்’ ஹெடரில் இருப்பது. மற்றது எங்கள் கோப்பின் தொடக்கத்தில் யாரோ கையால் எழுதிவைத்த ஒற்றை வரி. அதன் அடைப்புக்குறிக்குள் எதுவும் இல்லை.

அதை அழித்தால் பிழை போய்விடும். ஆனால் ஹெடரில் இருப்பதை ஒருவர் ஏன் மெனக்கெட்டு மறுபடி எழுதினார்? அது தெரியாமல் அழிக்க மனம் வரவில்லை.

இத்தனை காலம் மோதாத வரி இன்று ஏன் மோதுகிறது என்று முதலில் பார்த்தேன். பழைய சி-யில் வெற்று அடைப்புக்குறி என்றால், ஆர்குமென்ட் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று பொருள். சி23 தரத்தில், ஆர்குமென்ட் கிடையவே கிடையாது என்று பொருள். வேறு தரம் எதையும் நாம் குறிப்பிடாவிட்டால் ஜிசிசி 15 சி23-ஐத்தான் எடுத்துக்கொள்கிறது. வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை, அதைப் படிக்கும் முறை மாறிவிட்டது.

பிறகு பின்னோக்கிப் போனேன். கெர்னிகனும் ரிச்சியும் 1978-இல் புத்தகமாக எழுதிய சி-யில், ஆர்குமென்ட் வகைகளை டிக்ளரேஷனில் சொல்ல வழியே இல்லை. வெற்று அடைப்புக்குறிதான் அன்றைய வழக்கம். வகைகளை எழுதும் வசதியும் எஸ்டிடிலிப் ஹெடரும் 1989-இன் ஆன்சி தரத்தோடு வந்தவை. அந்த ஹெடர் எட்டாத கணினிகளில், டிக்ளேர் செய்யாத ஃபங்ஷன் ‘இன்ட்’ தரும் என்று கம்பைலர் தானே முடிவு செய்துகொள்ளும். கெட்என்வ் தருவதோ பாயிண்டர். இரண்டும் ஒரே அளவாக இருந்தவரை தப்பித்தோம். பாயிண்டர் 64 பிட், இன்ட் 32 பிட் என்று ஆன கணினியில் முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டு, நிரல் ஓடும்போது சரிந்துவிழும். அந்த ஆபத்துக்குக் காவலாக வைத்த வரி அது.

அப்படியானால் வைத்துக்கொள்வதா, எடுப்பதா? அதை அந்தந்தக் கணினியிடமே கேட்பதுதான் முறை. 1991-இல் டேவிட் மெக்கன்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் அதற்காகவே இருக்கிறது. அது உருவாக்கும் ‘கன்ஃபிகர்’ ஸ்கிரிப்ட் ஓடும்போது சிறு நிரலைக் கம்பைல் செய்து பார்த்து, கெட்என்வ் டிக்ளேர் ஆகியிருந்தால் ‘ஹேவ்_டெக்ல்_கெட்என்வ்’ மேக்ரோவுக்கு 1 என்றும், இல்லையென்றால் 0 என்றும் மதிப்பு வைக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேக்ரோ எப்போதும் இருக்கும், மதிப்புதான் மாறும். ஆகவே ‘இஃப்டெஃப்’ போட்டு அது இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. ‘இஃப்’ போட்டு மதிப்பைக் கேட்க வேண்டும்.

ஆன்சிக்கு முந்தைய கம்பைலர்களை நாங்கள் கைவிட்டு வெகுகாலமாகிறது. அதனால் பழைய வரியை எடுத்துவிட்டு, மதிப்பு 0 ஆனால் மட்டும் ஆர்குமென்ட் வகையோடு முழு டிக்ளரேஷன் வரும்படி எழுதினேன். சி89, சி23 இரண்டு தரத்திலும் கம்பைல் ஆனது. அதன் மேலே, முதலில் எழுதியவர் எழுதாமல் விட்ட காரணத்தை இரண்டு வரிக் குறிப்பாகச் சேர்த்தேன்.