பின்கண்ணாடியில் ஒரு குழந்தை

அமெரிக்கச் சாலைகளில் மஞ்சள் சாய்சதுரப் பலகையைக் கண்டால் அரசாங்கம் எதையோ எச்சரிக்கிறது என்று பொருள். வளைவு வருகிறது, மான் குறுக்கே பாயலாம், பாதை குறுகுகிறது, எதுவானாலும் அதே நிறம், அதே வடிவம். அங்கே ஓட்டிப் பழகியவரின் கால் அதைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து கொஞ்சம் எழும்பிவிடும். 1984இல் மாசசூசெட்ஸைச் சேர்ந்த மைக்கேல் லெர்னர் அந்தச் சாய்சதுரத்தைக் கையகலத்துக்குச் சுருக்கி, 'பேபி ஆன் போர்டு' என்று அச்சடித்து, கண்ணாடியில் ஒட்டி நிற்க ஒரு ரப்பர் உறிஞ்சியும் வைத்து விற்கத் தொடங்கினார். அரசாங்கத்தின் அதட்டலை ஒரு வீட்டுக்காரர் கடன் வாங்கிக்கொண்டார்.

சொந்தக்காரர் வீட்டு ஒன்றரை வயதுக் குழந்தையை ஏற்றிக்கொண்டு போனபோது, பின்னால் வந்த வண்டிகள் முட்டுவதுபோல் நெருக்கியதும் குறுக்கே வெட்டியதும்தான் தம்மை உசுப்பியதாக லெர்னர் சொல்லியிருக்கிறார். யோசனை முழுக்க அவருடையதும் அல்ல. அதே மாநிலத்துச் சகோதரிகள் இருவர் ஐரோப்பாவில் பார்த்ததை வைத்து முன்பே முயன்றுகொண்டிருந்தார்கள். விற்பனை மளமளவென்று ஏறி ஓராண்டுக்குள் லட்சங்களைத் தொட்டது. அந்தப் பணத்தில் வளர்ந்த 'சேஃப்டி ஃபர்ஸ்ட்' நிறுவனம் பிளக் பாயின்ட் மூடி, அலமாரிப் பூட்டு என்று குழந்தைப் பாதுகாப்புச் சாமான்கள் பக்கம் போய், 2000இல் டோரல் என்ற கனடா நிறுவனத்தின் கைக்கு மாறியது.

கேலியும் உடனே கிளம்பியது. 'மாமியார் டிக்கியில் இருக்கிறார்' என்ற பலகை அசலுக்குப் போட்டியாக விற்றது. 1993இல் 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர் இந்தப் பலகையை வைத்து ஒரு பாட்டே கட்டிவிட்டது.

இதற்கெல்லாம் பிறகு எங்கிருந்தோ ஒரு கதை வந்து சேர்ந்தது. ஒரு விபத்தில் பெற்றோர் மயங்கிக் கிடக்க, காருக்குள் குழந்தை இருந்ததே மீட்பவர்களுக்குத் தெரியாமல் போனதாம். அதனால்தான் இந்தப் பலகை பிறந்ததாம். உருக்கமான கதைதான், ஆனால் உண்மை இல்லை. உண்மையாக இருந்திருந்தாலும் பலகை உதவியிருக்காது. குழந்தையைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்பா தனியாக அலுவலகம் போகும்போது யாரும் அதைக் கழற்றி வைப்பதில்லை. மகன் கல்லூரியில் சேர்ந்த பிறகும் வெயிலில் வெளுத்துப்போன ஸ்டிக்கரோடு ஓடும் கார்கள் எத்தனையோ. அதை நம்பி எந்தத் தீயணைப்பு வீரரும் தேடுவதைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

சரி, பின்னால் வருபவரையாவது அது அடக்குகிறதா? 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். முன்வண்டிக்கும் தன் வண்டிக்கும் இடையே இரண்டு நொடியாவது விட வேண்டும் என்பது ஓட்டுநர் பயிற்சியின் பாலபாடம். அதாவது 33 மீட்டர். விரலகல எழுத்தை அவ்வளவு தூரத்திலிருந்து யாராலும் படிக்க முடியாது. 'குழந்தை இருக்கிறது, நெருங்காதே' என்பதைப் படிக்கும் தொலைவுக்கு ஒருவர் வந்துவிட்டாரென்றால் அவர் ஏற்கெனவே நெருங்கிவிட்டார். போதாததற்கு, குழந்தை இல்லாத காரை இடித்தால் பரவாயில்லை என்று நினைத்து யாரும் வண்டி எடுப்பதில்லை. அவசரத்தில் முட்டிக்கொண்டு வருபவர் ஸ்டிக்கரை வாசித்து மனம் மாறுவார் என்பது பெற்றோரின் ஆசை மட்டுமே.

எச்சரிக்கைப் பலகைகளே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அமெரிக்கப் பள்ளிப் பேருந்து பிள்ளைகளை இறக்கும்போது பக்கவாட்டில் 'ஸ்டாப்' என்ற சிவப்புப் பலகை கைபோல் நீளும், விளக்குகள் சிமிட்டும். பின்னால் வருபவர் மட்டுமல்ல, நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வருபவரும் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் அபராதம். பிள்ளைகள் இறங்கி முடித்ததும் பலகை மடங்கிவிடும். ஜப்பானில் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் ஓராண்டுக்குப் பச்சையும் மஞ்சளுமான இலைச் சின்னத்தைக் காரில் ஒட்ட வேண்டும் என்று 1972 முதல் விதி. அந்தச் சின்னமுள்ள வண்டியை நெருக்குவதும் குறுக்கே வெட்டுவதும் அங்கே தண்டனைக்குரிய குற்றம்.

சட்ட பலமே இல்லாமல் நினைத்ததைச் சாதிக்கும் ஒன்றும் இருக்கிறது, அதுவும் இதே வாசகத்தோடு. லண்டன் பாதாள ரயிலில் கர்ப்பிணிகளுக்கு 'பேபி ஆன் போர்டு' என்ற வெள்ளைப் பட்டன் பேட்ஜை இலவசமாகத் தருகிறார்கள். 2013 மார்ச்சில் பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு வந்த இளவரசி கேட்டுக்கும் ஒன்று தந்தார்கள். அவரும் கோட்டில் குத்திக்கொண்டார். மூன்றாம் நான்காம் மாதத்தில் வயிறு வெளியே தெரியாது. மயக்கமும் குமட்டலும் மட்டும் பாடாய்ப் படுத்தும். உட்கார்ந்திருப்பவருக்கோ எழுந்து இடம் கொடுக்க மனமிருக்கும். கர்ப்பமில்லாத பெண்ணிடம் கேட்டுத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்ற தயக்கமும் இருக்கும். அந்தத் தயக்கத்தைப் பேட்ஜ் உடைக்கிறது. எதிரே இருப்பவர் செய்ய வேண்டியதும் ஒன்றே ஒன்று: எழுந்திருப்பது. கார்ப் பலகையைப் படித்தவர் என்ன செய்ய வேண்டும்? மெதுவாகப் போவதா, முந்திப் போய்விடுவதா, ஹார்ன் அடிக்காமல் இருப்பதா?

நம் ஊருக்கு வந்தபோது அந்த மஞ்சள் சாய்சதுரம் கொஞ்சநஞ்ச அதிகாரத்தையும் இழந்தது. இந்தியாவில் எச்சரிக்கைப் பலகை சிவப்புக் கரையிட்ட முக்கோணம். சாய்சதுரத்தைக் கண்டு இங்கே யாருடைய காலும் எழும்பாது. 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வண்டிகளில் ஒட்டப்பட்ட 'போலீஸ்', 'பிரஸ்', 'வழக்கறிஞர்' ஸ்டிக்கர்களுக்கு எதிராகக் களமிறங்கியதே, குழந்தை ஸ்டிக்கரும் ஏறக்குறைய அந்தச் சாதிதான். 'நான் சாதாரண ஆளில்லை, கொஞ்சம் மரியாதை கொடு' என்ற அறிவிப்பு, கேட்பது சலுகை. இதற்கு நேர் எதிரானது தமிழ்நாட்டு ஆட்டோக்களின் முதுகில் பல காலமாக இருக்கிறது: 'பிரசவத்திற்கு இலவசம்'. அது ஊராரிடம் எதையும் கேட்கவில்லை. நடுராத்திரியில் வலி எடுத்தால் நான் வருகிறேன் என்று எழுதியவரே பொறுப்பேற்கிறார்.

அமெரிக்காவில் இந்தப் பலகை சக்கைப்போடு போட்ட காலத்தில்தான் வேறொரு காரியமும் சத்தமில்லாமல் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. டென்னசி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர், காரில் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம் என்று சட்டம் போடச் சொல்லி மனைவியோடு சேர்ந்து சட்டமன்ற உறுப்பினர்களிடம் நடையாய் நடந்தார். 1978இல் அது நடைமுறைக்கு வந்தது. நாட்டிலேயே முதல் சட்டம். ஆனால் உறுப்பினர்கள் ஒரு ஓட்டை வைத்திருந்தார்கள்: பெரியவர் கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டால் போதும். மோதலின் அதிர்ச்சியில் எந்தத் தாயாலும் பிள்ளையை இறுக்கிப் பிடித்திருக்க முடியாது. தாயின் உடம்புக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே சிக்கி நசுங்குவது குழந்தைதான். அந்த விலக்கைச் சாண்டர்ஸ் 'குழந்தை நசுக்கி' என்றே அழைத்தார். 1981இல் அதை நீக்க வைத்தார். 1985க்குள் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது. சரியாகப் பொருத்திய இருக்கை கார் விபத்தில் கைக்குழந்தையின் மரண அபாயத்தை 71 சதவீதமும், ஒன்றிலிருந்து நான்கு வயதுப் பிள்ளையின் அபாயத்தை 54 சதவீதமும் குறைக்கிறது என்பது அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு.

இந்தியாவிலும் 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு வந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். கார் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் போவது பைக்கில். அங்கே பின்கண்ணாடியே கிடையாது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகும் பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைகள் போகிறார்கள்.

காருக்குள்ளும் டென்னசியின் பழைய ஓட்டை அப்படியே வாழ்கிறது. 'என் மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா' என்று கேட்கும் பாட்டியிடம் வாதாட எந்த மருமகளுக்கும் தெம்பில்லை. பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் மின்ன, முன்சீட்டில் அம்மா மடியில் குழந்தை. சில சமயம் சன்ரூஃபுக்கு வெளியே பாதி உடம்பு. ஸ்டிக்கர் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. தனி இருக்கைக்குச் சில ஆயிரமாவது ஆகும், அதுவும் சில வருடங்களில் பிள்ளைக்குச் சிறிதாகிவிடும். செலவு மட்டும் காரணமென்று சொல்லிவிடவும் முடியாது. இப்போது வரும் பல கார்களில் பின்சீட்டு மெத்தை இடுக்குக்குள் குழந்தை இருக்கையை மாட்டுவதற்கென்றே 'ஐசோஃபிக்ஸ்' கம்பிகள் இருக்கின்றன. புதுக் கார் எடுக்கும் நாளில் டேஷ்போர்டுக்குப் பிள்ளையார், டயருக்கு எலுமிச்சம்பழம், காலடிக்கு மேட் எல்லாவற்றையும் நினைவாகக் கேட்டு வாங்குபவர்களில், அந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்று விற்பனையாளரைக் கேட்பவர் அரிது.