பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பினாங்கு வைக்கும் பரீட்சை

பினாங்குத் தீவுக்கு நீங்கள் எத்தனையோ முறை வந்திருப்பீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் படி ஏறியிருப்பீர்கள். கல்யாணப் புடவை எடுக்கக் கடைத்தெருவில் கால் கடுக்க நடந்திருப்பீர்கள். பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் கொடிமலை ரயிலிலும் ஏறி இறங்கியிருப்பீர்கள். இந்த முறை வேறொரு காரியமாக உங்களை அழைத்துப் போகிறேன். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று பார்க்கப் போகிறோம்.

சின்னக் காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்து வீட்டில் மோட்டார் சைக்கிள் என்பது என்ன? பிள்ளையைப் பள்ளியில் விடுவது அது. பாட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவது அது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்த பிறகு, பெருநிலத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கடல் தாண்டித் தொழிற்சாலை வேலைக்குப் போகும் வழியும் பிறந்தது. அதற்கும் அந்த வண்டிதான் கால். சீட்டுப் பணம் எடுத்து, தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கும் வண்டி மூன்றாம் மாதம் கொதித்து நின்றால், நிற்பது வண்டி மட்டுமல்ல.

பட்டர்வொர்த்திலிருந்து பெரியில் ஏறுவோம். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அந்த வழி இன்னும் இருக்கிறது. கார்களை ஏற்றி வந்த பழைய இரண்டடுக்குப் பெரிகள் 2020ஆம் ஆண்டு கடைசியில் ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டில் வந்த புதுப் படகுகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சைக்கிள்களையும் மட்டும் ஏற்றுகின்றன. காற்று வாங்கிக்கொண்டே ஒரு விஷயம் பேசிவிடலாம்.

நம் அப்பா காலத்துக் கப்சாய்களுக்குத் தண்ணீர் கிடையாது. ஹோண்டா இ.எக்ஸ்.5 போன்றவை இன்றைக்கும் அப்படித்தான். என்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளில் காற்றுப் பட்டுச் சூடு இறங்கும். சேறு அப்பாமல் துடைத்து, எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் போதும். 2006இல் யாமஹா 135 எல்.சி. வந்த பிறகு கதை மாறியது. எல்.சி. என்றாலே திரவத்தால் குளிர்வது என்றுதான் பொருள். 2015இல் வந்த ஒய்15, அடுத்த ஆண்டு வந்த ஹோண்டா ஆர்.எஸ்.150 எல்லாம் இந்த ஜாதிதான். என்ஜினுக்குள் ஓடும் கூலன்ட் சூட்டை வாங்கிக்கொண்டு முன்னாலிருக்கும் ரேடியேட்டருக்கு வரும். அங்கே காற்றில் ஆறி மறுபடி உள்ளே போகும். ஓட்டுவது ஒரு சின்னப் பம்ப். வழியில் கதவு போல இருப்பது தெர்மோஸ்டாட். காற்று இல்லாத நேரத்துக்கு ஒரு மின்விசிறி. கொதி சூட்டையும் அடக்கி வைக்க மேலே ஓர் அழுத்த மூடி. இந்த ஐந்தில் எது கெட்டாலும் "வண்டி சூடாகிறது" என்று ஒரே வார்த்தையில்தான் சொல்வோம். எது கெட்டது என்பதை, எப்போது சூடாகிறது என்பதைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பினாங்கைப் போல வசதியான ஊர் கிடையாது. நெரிசல், மலை, பாலம் மூன்றும் ஒரே காலைப் பொழுதுக்குள் கிடைக்கின்றன.

இறங்கியாயிற்று. விற்பவர் வீட்டுக்குப் போனதும் பேச்சுக்கு முன்னால் என்ஜினில் கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருக்க வேண்டும். "இப்போதுதான் கடைக்குப் போய் வந்தேன்" என்று அவர் சொன்னால் சண்டை வேண்டாம். தேத்தண்ணீர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். சூடான என்ஜின் பல நோய்களை மறைக்கும். அதைவிட முக்கியம், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வீட்டில் பிரஷர் குக்கர் வைத்திருக்கும் அம்மாமார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அழுத்தத்தில் 120 டிகிரி வரையிலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி கழன்ற மறு நொடி ஆவியாகச் சீறும். முகமும் கையும் வெந்துபோகும். துணியைச் சுற்றித் திறக்கலாம் என்று சொல்லும் அண்ணன்மார்களை நம்பாதீர்கள்.

ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பச்சையோ நீலமோ சிவப்போ, தெளிவாகக் கழுத்து வரை நின்றால் நல்லது. செம்மண் குழம்பாக இருந்தால் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றியே காலம் தள்ளியிருக்கிறார்கள். உள்ளே துரு பிடித்திருக்கிறது. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் தேத்தண்ணீர் நிறத்தில் கெட்டியாக அப்பியிருந்தாலோ கவனம். எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. பம்ப் சீல் போயிருக்கலாம், ஹெட் கேஸ்கட்டும் போயிருக்கலாம். கிட்டத்துக் கடைக்கு மட்டுமே ஓடும் வண்டியில் ஈரத்தால் மூடியடியில் கொஞ்சம் வெள்ளை நுரை படிவதுண்டு. அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

இன்னொரு ரகசியம் இருக்கிறது, பலர் பார்ப்பதில்லை. பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கூலன்ட் நிறைய இருக்கிறது, ரேடியேட்டரிலோ குறைவாக இருக்கிறது. அப்படியானால் என்ன? சூட்டில் வெளியே போன கூலன்ட், ஆறும்போது திரும்ப உறிஞ்சப்படவில்லை. மூடியின் ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது டப்பாவுக்குப் போகும் சிறு குழாய் வெடித்திருக்கும். இரண்டும் மலிவான சாமான்கள். இவற்றைக் கவனிக்காமல் ரேடியேட்டரையே மாற்றச் சொன்ன பட்டறையும் உண்டு, பெயர் வேண்டாம்.

மூடி திறந்தபடியே என்ஜினைக் கிளப்பிச் சற்று நேரம் பாருங்கள். முதலில் ஓரிரு குமிழ்கள் வருவது இயல்பு. நிற்காமல் குமிழ் வந்து, முறுக்க முறுக்க அதிகமானால் எரியும் வாயு தண்ணீருக்குள் கசிகிறது. பின்னால் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகையும் வந்தால் ஹெட் கேஸ்கட் போனது உறுதி என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்த வண்டியை வணங்கி விட்டுவிட்டு வாருங்கள். பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும்; அங்கே கூலன்ட் சொட்டினால் சீல் தேய்ந்துவிட்டதென்று பம்பே சொல்லுகிறது. துளையை அடைத்துவைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் தேறினால் மூடியை இறுக்கி, விற்பவரையே பின்னால் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். சாலை வரி, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு லெபோ பினாங் பக்கம் போவோம். கடைத்தெருவும், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கும் லெபோ குவீனும் இங்கேதான். சனிக்கிழமை மாலை பாட்டுக் கடை இரைச்சலும் பூக்கடை வாசனையும் லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கும் கூட்டமுமாக, வண்டி நகர்ந்தால் உண்டு. தைப்பூசத்துக்கு ரதம் புறப்படும் நாளில் கேட்கவே வேண்டாம். இந்த ஊர்தலில்தான் மின்விசிறிக்கு வேலை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முன்னால் விர்ரென்று ஓசை கேட்டு, சிறிது நேரத்தில் அடங்க வேண்டும். ஓசையே இல்லாமல் சூட்டு விளக்கு எரிந்தாலோ, டப்பாவில் களகளவென்று சத்தம் வந்தாலோ ஓரமாக நிறுத்துங்கள். ஓடும்போது நன்றாக இருந்து நிற்கும்போது மட்டும் சூடானால், முதல் சந்தேகம் விசிறி மேல்தான்.

பழைய மாதிரி வண்டிகளில் ரேடியேட்டரில் இரண்டு ஒயர் போகும் சூட்டு ஸ்விட்ச் இருக்கும். சாவியைத் திறந்துவைத்து அந்த இரு ஒயர்களையும் சேர்த்தால் விசிறி சுற்ற வேண்டும். சுற்றினால் கெட்டது ஸ்விட்ச். சுற்றாவிட்டால் பியூஸ், ஒயர், விசிறி மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டி வைத்த புது மாதிரிகளில் இந்த வேலை வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

நெரிசலைத் தாண்டி டத்தோ கிராமாட் சாலை வழியாக ஆயர் ஈத்தாம். மலைச்சரிவில் கெக் லோக் சி கோயில் தெரியும். அங்கிருந்து பாயா தெருபோங், பிறகு துன் சார்டோன் சாலை. இது தீவின் முதுகெலும்பைத் தாண்டிப் பாலேக் பூலாவில் இறங்கும் வளைவுப் பாதை. இரண்டு பேர் பாரத்தோடு தாழ்ந்த கியரில் முக்கி ஏறும்போது என்ஜின் கக்கும் சூடு அதிகம், முகத்தில் அடிக்கும் காற்றோ குறைவு. நெரிசலில் ஒழுங்காக இருந்த வண்டி இங்கே சூடானால் விசிறியைக் குறை சொல்லாதீர்கள். கூலன்ட் ஓட்டத்தில் தடை.

உச்சியில் கடைகள் இருக்கின்றன. நிறுத்தி, மூடியைத் தொடாமல், புறங்கையை அருகில் கொண்டுபோய் மட்டும் பாருங்கள். என்ஜின் கொதிக்கிறது, ரேடியேட்டர் வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது பம்ப் தள்ளவில்லை. ரேடியேட்டர் ஒரு பக்கம் சுட்டு மறு பக்கம் குளிர்ந்திருந்தால் உள்ளே அடைப்பு. சீராகச் சுட்டும் சூடு தணியவில்லையென்றால் வெளித் தகடுகளைப் பாருங்கள். நம் தோட்டத்து வண்டிகளுக்கு இதுதான் முக்கால்வாசி நோய். செம்பனைக் காட்டுச் செம்மண் முன்சக்கரத்திலிருந்து தெறித்துத் தகடுகளில் அப்பிக் காய்ந்து செங்கல்லாகிவிடும். அழகுக்கென்று முன் மட்கார்டை வெட்டும் தம்பிமார்கள் வண்டியின் மூக்கில்தான் மண்ணை அடைக்கிறார்கள். மெதுவான தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். அழுத்தக் குழாயை நேராகப் பிடித்தால் தகடு மடங்கிவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் தீர்ந்தது என்பது நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு வேதம். எனக்கு அது பிடிப்பதில்லை. என்ஜின் தன் சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், அடைப்பு என்ற மூல நோயும் மறைந்தே இருக்கும். சட்டியில் தண்ணீர் வைத்துச் சூடாக்கி அதில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் கொதி வருமுன்னே அது வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

வழியில் கொதித்துவிட்டால்? நிழலில் நிறுத்தி என்ஜினை அணையுங்கள். ஹெட்டின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அலுமினியம் வளையும், வெடிக்கும். பாலேக் பூலாவில் இறங்கி ஜாதிக்காய்த் தண்ணீர் குடித்து, லக்சா சாப்பிடும் நேரம் பொறுங்கள். நன்றாக ஆறிய பிறகே மூடி. அவசரத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றலாம், குற்றமில்லை. வீடு வந்ததும் வடித்துவிட்டுக் கூலன்ட் ஊற்ற வேண்டும். கெட்டியாக வருவதைப் பாட்டரித் தண்ணீரோடு சரிபாதி கலக்க வேண்டும். கலந்தே வருவதில் இன்னும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. போத்தல் மேல் எழுதியிருக்கும், படியுங்கள். ஊற்றிய பின் மூடி திறந்தபடி என்ஜினை ஓடவிட்டு, குமிழ் அடங்க அடங்க நிரப்புங்கள். உள்ளே காற்று தங்கினால் புது கூலன்ட் ஊற்றிய மறுநாளே கொதிக்கும். பம்பின் மேல் பழி விழும்.

கடைசிப் பரீட்சை பாலம். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர்ப் பாலம். மோட்டார் சைக்கிளுக்கு 2019 ஜனவரி முதல் கட்டணம் இல்லை. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை, ஏற்றமும் பெரிதில்லை. ஆகவே அங்கே ஒரே வேகத்தில் போகும்போது விளக்கு எரிந்தால் கூலன்ட் குறைந்திருக்கிறது, அல்லது பெரிய அடைப்பு. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, எண்ணெய் குறைவா என்பதையும் பார்க்க வேண்டும். காலை ஷிப்டுக்குப் போகும் பிள்ளை நடுக்கடலில், நிழலில்லாத இடத்தில், லாரிகளுக்குப் பக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கும் காட்சியை நினைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். மூடி, குழாய், விசிறி ஸ்விட்ச் என்றால் விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம். எண்ணெயில் தண்ணீர் கலந்தது, ஹெட் வளைந்தது என்றால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

வாங்கி வந்து வடித்த பழைய கூலன்டை லயத்து வடிகாலில் ஊற்றிவிடாதீர்கள். நக்கினால் இனிக்கும், ஆனால் விஷம். நாயும் பூனையும் குடித்தால் சாகும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள போத்தலில் ஊற்றி, மேலே எழுதி, பட்டறையில் கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். சர்பத் போத்தலில் மட்டும் ஊற்ற வேண்டாம்.