கங்கைக் கழிமுகத்தில் பத்து நாள்கள்

"எல்லாத் தீர்த்தங்களுக்கும் பலமுறை, கங்காசாகரத்திற்கு ஒரே முறை" என்று வங்காளத்தில் ஒரு வழக்குண்டு. நம் வீடுகளில் பொங்கல் பொங்கும் நாளையொட்டி, இலட்சக்கணக்கான மக்கள் சாகர்த் தீவின் தென்முனையில் சங்கராந்தி நீராடுகின்றனர். நம் சங்கத்துப் பெரியோர் பலரும் அங்கே நீராடித் திரும்பியவர்களே. ஆனால் சென்ற மாசித் திங்களில் நாங்கள் இருவரும் அங்குச் சென்றது புண்ணியம் தேடி அன்று. மட்டம் பார்க்கும் டம்பி லெவல், அளவுகோல், கட்டுக் கட்டாக வினாப்படிவங்கள் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு, நிலத்தைப் படிக்கச் சென்றோம்.

ஒரே வீட்டில் வளர்ந்த பெரியப்பா, சித்தப்பா பெண்களாகிய நாங்கள், கல்கத்தாப் பல்கலைக்கழகப் புவியியல் துறையில் முதுநிலை மாணவியர். கறிவேப்பிலையும் வாழையிலையும் கிடைக்கும் நம் லேக் மார்க்கெட்டிலிருந்து பாலிகஞ்சிலுள்ள எங்கள் துறைக்கு நடந்தே போய்விடலாம். அங்கு முதுநிலை வகுப்புகள் 1941இல் தொடங்கின. அவற்றைத் தொடங்கி வளர்த்தவர் பேராசிரியர் சிவபிரசாத் சாட்டர்ஜி. 'மேகாலயா' என்ற பெயரை முதன்முதல் வழங்கியவர் அவரே. 1972இல் அம்மலைநாடு முழு மாநிலமானபோது அப்பெயரே நிலைத்தது. 1956இல் தேசிய நிலப்பட நிறுவனம் இந்நகரில் தோன்றியபோது அதன் முதல் இயக்குநராகவும் அவர் விளங்கினார்.

புவியியல் என்றால் மலை, ஆறு, தலைநகர்ப் பெயர்களை மனப்பாடம் செய்வது என்றே எங்கள் வீட்டில் எண்ணியிருந்தனர். எங்கள் விரல்களில் மையும், செருப்பில் சேறும் ஒட்டியிருப்பதைக் கண்ட பிறகே ஐயம் தோன்றியது. நில அளவை வகுப்பில் கேட்ட செய்தியொன்றை அப்போது அவர்களுக்குச் சொன்னோம். இந்தியாவை முக்கோணங்களால் அளந்த பெரும் பணிக்கு, 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை லாம்டன் என்பவர் அளந்தார். அப்பணி வளர்ந்து, 1831-32இல் கல்கத்தாவின் பாரக்பூர் நெடுஞ்சாலையில் மற்றோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. அதற்கென எழுப்பிய கோபுரங்கள் இன்றும் சாலையோரம் நிற்கின்றன. "அப்படியானால் அளவுச் சங்கிலியும் நம் தாத்தாவைப் போல மதராசிலிருந்து பிழைக்க வந்ததுதான்" என்று பெரியப்பா நகைத்தார்.

ஆயினும், களப்பணிக்குப் பத்து நாள் தீவில் தங்க வேண்டும் என்றதும் நகைப்பு நின்றது. பெண்களைப் படகேற்றி அனுப்புவதா என்று பாட்டி தடுத்தார். இருவரும் சேர்ந்தே செல்வதாலும், ஆசிரியர் இருவர் உடன் வருவதாலும் ஒருவாறு இசைவு கிடைத்தது. வீட்டில் வேறொரு கவலையும் அப்போது இருந்தது. கும்பகோணத்திற்கு அருகே, காவிரிக் கரையில், பாட்டனார் விட்டுச் சென்ற முப்பது சென்ட் கொடிக்கால் நிலத்தை விற்பதற்கு அதிகாரப் பத்திரம் ஒன்று தபாலில் வந்திருந்தது. பெரியப்பாவும் சித்தப்பாவும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டியதே மிச்சம். எங்களுக்கு அதில் சிந்தை செல்லவில்லை. நாங்கள் அந்த ஊரைக் கண்டதே இல்லை.

சியால்தாவில் விடியற்காலை ரயிலேறிக் காக்துவீபம் சென்று, எட்டாம் எண் துறையில் படகு பிடித்தோம். எங்கள் கையில் இந்திய நில அளவைத் துறையின் படம் இருந்தது. ஏடு 79 சி/1, ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர். படகு செல்லச் செல்ல ஆசிரியர் அதை விரித்து, "இப்பொழுது நாம் எங்கே இருக்கிறோம்?" என்று வினவினார். திசைகாட்டியால் கரையிலிருந்த இரு அடையாளங்களைக் குறிபார்த்துக் கோடிட்டோம். இரு கோடுகளும் நெல்வயல் நடுவே வெட்டிக்கொண்டன. மீண்டும் குறிபார்த்தோம்; மீண்டும் வயலே வந்தது. சுற்றிலுமோ சேற்று நிற ஆற்றுநீர். "பிழை உங்களுடையதன்று. படம் அச்சான நாளில் இங்கே வயல் இருந்தது" என்றார் அவர்.

அதுவே கோராமாராத் தீவின் பழைய கரை. 1970களில் எட்டுச் சதுரக் கிலோமீட்டருக்கு மேல் இருந்த அத்தீவு, 2012க்குள் ஐந்துக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அதில் வாழ்ந்தனர். 2021 மே 26 அன்று வீசிய 'யாஸ்' புயலில் உப்புநீர் தீவு முழுவதையும் மூடியது.

முதல் மூன்று நாள்கள் மட்டம் பார்ப்பதில் கழிந்தன. கரையின் வெளிப்புறத்தில் ஓதப்பெருக்கு விட்டுச் சென்ற ஈரக்கோட்டிலிருந்து உள்ளே வயல் வரை அளந்து, தொடங்கிய இடத்திற்கே திரும்பிக் கணக்கை முடிக்க வேண்டும். எங்கள் குழுவின் கணக்கு முடியவில்லை. அளவுகோலை எங்கோ தவறாகப் படித்திருந்தோம். "முதலிலிருந்து செய்யுங்கள்" என்று ஆசிரியர் கூறிவிட்டார். முழங்கால் சேற்றில் பொழுது சாயும் வரை மறுபடி அளந்தோம். முடிவில் தெரிந்த உண்மை களைப்பை மறக்கச் செய்தது. வயல், வெளியிலுள்ள ஓதக்கோட்டிலிருந்து இடுப்பளவு தாழ்ந்திருந்தது!

ஆறு கொணரும் வண்டலால் உயர்வதே கழிமுக நிலம். கரை கட்டிக் காத்த நாள் முதல் உள்ளே வண்டல் வருவதில்லை. எனவே நிலம் உயர்வதில்லை. வெளியே கடல்மட்டம் உயர்கிறது, நீரோட்டம் கரையை அரிக்கிறது, புயல் வந்து உடைக்கிறது. கரையின்றி அங்கு வாழ இயலாது. கரையினாலேயே நிலம் தாழ்ந்தும் போகிறது. இச்சிக்கலை நூலிலும் படித்திருந்தோம். ஆனால் சேற்றில் நின்று அளந்தபோதுதான் அதன் கொடுமை விளங்கியது.

அத்தீவின் முதன்மையான பயிர்களுள் ஒன்று வெற்றிலை. மூங்கிலும் நாணலும் கொண்டு வேய்ந்த நிழற்பந்தலுக்குள் கொடியை வளர்க்கின்றனர். 'போரோஜ்' என்பது அதன் பெயர். ஒரு குடியானவர், "உங்கள் நாட்டில் எப்படி?" என்று ஆவலுடன் கேட்டார். "அகத்தி மரத்தில் படரவிடுவர்" என்று வீட்டில் கேள்விப்பட்டதைச் சொன்னோம். "மரத்திற்கு மரம் எத்தனை முழம்?" என்பது அவரது அடுத்த வினா. எங்களுக்கு விடை தெரியவில்லை. காலையிலிருந்து அவருடைய கொடிகளின் இடைவெளியை அங்குலக் கணக்கில் குறித்துக்கொண்டிருந்த நாங்கள், எங்கள் பாட்டனாரின் கொடிக்காலைப் பற்றி ஒன்றும் அறியாமல் நின்றோம்.

பிறகு சாகர்த் தீவுக்கு மாறி, ஒரு தருமசாலையில் தங்கினோம். காலையில் பொரியும் பச்சை மிளகாயும். இரவில் முறை வைத்துச் சமையல். எங்கள் முறை வந்தபோது, அம்மா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து பரிமாறினோம். மீனில்லாத சோற்றை ஏளனம் செய்த தோழர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டு, பத்து நாளுக்கென வந்த புட்டியை ஒரே இரவில் காலி செய்தனர். உணவுக்குப் பின் லாந்தர் ஒளியில் அன்றைய குறிப்புகளைப் படியெடுப்போம், உறங்க நள்ளிரவாகும்.

சாகரில் குடியேற்றக் கிராமங்கள் சில உள்ளன. கோராமாராவிலிருந்தும், இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நீருள் மறைந்த லோஹாசராத் தீவிலிருந்தும் வந்தவர்கள் அங்கு வாழ்கின்றனர். எங்கள் வினாப்படிவத்தில் 'முன்பு வாழ்ந்த ஊர்', 'வெளியேறிய காரணம்', 'அங்கு இப்போதுள்ள நிலம்' என மூன்று கட்டங்கள் இருந்தன. லோஹாசராவைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் முற்றத்தில் அமர்ந்து அவற்றை நிரப்பினோம். கரை உடைய உடைய மூன்று முறை பின்வாங்கி வீடு கட்டியதையும், நான்காவதாக இங்கு வந்ததையும் அவர் அமைதியாகச் சொன்னார். மூன்றாம் கட்டத்தில் சுழி இட்டோம்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "உங்கள் தேஷ் எங்கே, அம்மா?" என்று கேட்டார். வங்காளிகள் 'தேஷ்' என்பது நாம் 'ஊர்' என்பதே.

"வெகு தொலைவு, மாஷிமா. காவிரி என்ற ஆற்றங்கரையில். தாத்தா காலத்திலேயே வந்துவிட்டோம். அங்கே வீடு இல்லை. கொஞ்சம் நிலம் மட்டும் இருக்கிறது. அதையும் விற்கப் போகிறார்கள்."

"மண் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"பார்த்திருக்கிறீர்களா?"

நாங்கள் பேசவில்லை.

"என் பேரன் நம் ஊர் எது என்று கேட்டால், நான் தண்ணீரைக் காட்டுகிறேன்" என்றார் அவர். "விற்பதும் வைப்பதும் உங்கள் வீட்டார் பாடு. ஒருமுறை போய் அதன்மேல் நின்றுவிட்டு வாருங்கள்."

அவர் அழவில்லை, எங்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை. பொரியும் வெல்லமும் தந்து அனுப்பினார். அடுத்த வீட்டின் படிவத்தை எடுத்தபோது எங்கள் கை எழுத மறுத்தது.

கல்கத்தா திரும்பிய இரவு, உணவு மேசைமேல் அதே நிலப்படத்தை விரித்தோம். அச்சிட்ட கரைக்கு உள்ளே, ஜி.பி.எஸ். கருவியுடன் நாங்கள் நடந்து குறித்த இன்றைய கரை பென்சில் கோடாக இருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வெண்மையைச் சித்தப்பா விரலால் தடவிப் பார்த்தார். மூதாட்டியின் சொற்களை அப்படியே கூறினோம். "முப்பது சென்ட்டில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று பெரியப்பா முதலில் கேட்டார். பாட்டிதான் விடை சொன்னார்: "உங்கள் அப்பா நட்ட அகத்தி இருக்கும், இல்லையென்றால் அது நின்ற இடம் இருக்கும்."

பத்திரம் இன்னும் கையெழுத்தாகவில்லை. அந்நிலத்தை உழுது வாழ்வோர் எங்கள் வீட்டில் எவருமில்லை. ஆகவே இறுதியில் அது விற்கப்படவும் கூடும். ஆனால் பாராமல் கையெழுத்திடுவதில்லை என்று முடிவாயிற்று. வைகாசியில் ஹௌராவிலிருந்து அனைவரும் புறப்படுகிறோம்.

வெளியூர் வாழும் நம்மவர் இரு நிலங்களுக்கு உரியவர்கள். ஒன்று நம்மை ஈன்றது. மற்றொன்று நமக்குச் சோறிடுகிறது. முன்னதைப் பற்றிக் கதையும் பின்னதைப் பற்றிக் குறையும் பேசியே நம்மில் பலர் காலம் கழிக்கிறோம். இரண்டையும் காலால் நடந்து அறிந்தவர் சிலரே. நம் பிள்ளைகளுள் எவரேனும் சேறு படிந்த செருப்புடன் வீடு திரும்பினால், எங்கே போனாய் என்று சினவாமல், என்ன கண்டாய் என்று கேட்குமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.

பயணப் பையில் அளவு நாடாவை முதலில் எடுத்து வைத்துவிட்டோம். அகத்திக்கு அகத்தி எத்தனை முழம் என்று அளந்து, கோராமாராக் குடியானவருக்கு எழுத வேண்டும்.