கல்லறைத் தோட்டம் வரை

அக்ரி ஆற்றுப் பள்ளத்தாக்கை விட்டுச் சாலை மேலே ஏறத் தொடங்கியதும் மரங்கள் குறைந்துவிட்டன. வளைவுக்கு வளைவு சாம்பல் வெள்ளையில் களிமண் குன்றுகள். மழைநீர் அரித்து அரித்து, கத்திமுனை போன்ற முகடுகளும் ஆழமான பிளவுகளுமாக நிற்கின்றன. பல இடங்களில் புல்கூடப் பிடிக்கவில்லை. ‘கலாங்கி’ என்று இவற்றுக்குப் பெயர். முன்னொரு யுகத்தில் கடலடியில் படிந்த சேறு இது. நிலம் மேலெழுந்து கடல் விலகிய பிறகு வெயிலுக்கும் மழைக்கும் அகப்பட்டுக்கொண்டது. மழையில் ஊறி உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், பிறகு சரியும். அந்தச் சரிவுகளுக்கு நடுவே எஞ்சி நிற்கும் ஒரு குறுகிய மேட்டின் முதுகில் இருக்கிறது அலியானோ. தென் இத்தாலியின் பசிலிக்காத்தா பகுதியைச் சேர்ந்த சிற்றூர். இன்று ஆயிரம் பேருக்கும் குறைவாகவே வசிக்கிறார்கள்.

இந்த ஊருக்கு என்னைக் கொண்டுவந்தது ஒரு புத்தகம். தூரின் நகரத்து ஓவியர் கார்லோ லெவியை முசோலினியின் அரசு 1935இல் இந்தப் பக்கம் கொண்டுவந்து ஒதுக்கி வைத்தது. முதலில் கிராசானோ, பிறகு அலியானோ. இங்கே சிறையில் அடைக்கவில்லை, ஊரையே சிறையாக்கினார்கள். எல்லை தாண்டக் கூடாது, கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள். அந்த மாதங்களைப் பற்றி அவர் எழுதிய ‘கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார்’ 1945இல் வெளிவந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பில் அதை என் இருபத்து நான்காம் வயதில் படித்தேன். இந்தப் பகுதி விவசாயிகள் பேச்சில் ‘கிறிஸ்தியானோ’ என்றால் மனிதன். கிறிஸ்து எபோலி என்ற ஊரைத் தாண்டி வரவில்லை என்று அவர்கள் சொன்னபோது, எங்களை மனிதர்களாக யாரும் எண்ணவில்லை என்றே சொன்னார்கள். அது புரிந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருடம் கழித்துத்தான் வர முடிந்தது.

பெட்டியை இழுத்துக்கொண்டு கல் பாவிய தெருவில் ஏறியபோது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பாட்டிமார் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, “ஆ கி அப்பார்த்தியேனி?” என்றார். சில மாதம் படித்த இத்தாலியன் அதற்குப் போதுமாக இருந்தது. நீ யாருக்குச் சொந்தம், யார் வீட்டுப் பிள்ளை? பேரையோ நாட்டையோ அவர் கேட்கவில்லை. இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றேன். அது பதில் இல்லை என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

லெவி கடைசியாகத் தங்கிய வீடு ஊரின் ஓரத்தில் இருக்கிறது. இறந்துபோன ஒரு பாதிரியாருடைய வீடு அது. ஊரிலேயே கழிப்பறை இருந்த ஒரே வீடு என்று லெவி எழுதியிருக்கிறார். மாடித் தளத்தில் நின்றால் மூன்று பக்கமும் களிமண் சரிவுகள்தான். மதியம் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தவை சாயங்காலம் மஞ்சளாகி, பிறகு ஊதாவாகி அணைந்தன. வரைவதற்குக் கொடுத்துவைத்த இடம் என்று நினைத்தேன். நினைத்தவுடனே கூச்சமாகவும் இருந்தது. நான் நான்கு நாளுக்கு வந்தவள். வேண்டும்போது கிளம்பலாம்.

லெவி மருத்துவமும் படித்தவர். 1924இல் பட்டம் வாங்கியதோடு சரி, தொழிலாகச் செய்யவில்லை. ஆனால் வந்த அன்றே ஜனங்கள் நோயாளியைக் காட்டக் கூட்டிப்போனார்கள். அப்போது பள்ளத்தாக்கு முழுக்க மலேரியா. வெளிறிய முகமும் வீங்கிய வயிறுமாகக் குழந்தைகள். ஊரில் இருந்த வைத்தியர்கள்மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை. இவர் கொயினா கொடுத்தார், ராத்திரியில் கூப்பிட்டாலும் போனார். கொஞ்ச காலத்தில் மேலிடத்து உத்தரவு வந்தது: இனி வைத்தியம் பார்க்கக் கூடாது. விவசாயிகள் கொதித்துப்போனார்கள். பிறகு அவர்கள் செய்த காரியத்தை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாடகம் கட்டினார்கள். வெள்ளை உடுத்த வைத்தியர் நோயாளியைக் குணப்படுத்த வருகிறார், கறுப்பு உடுத்தவன் தடுக்கிறான், நோயாளி சாகிறான். அதைப் பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் போய் ஆடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்க! எனக்கு அந்தப் புத்தகத்தில் இதைவிடப் பெரிய பக்கம் கிடையாது.

இன்று மலேரியா இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி தெளித்து ஒழித்தார்கள். தண்ணீர் வருகிறது, மின்சாரம் இருக்கிறது. ஆள்தான் இல்லை. லெவியின் காலத்திலேயே ஊரில் ஆயிரத்து இருநூறு பேர், இங்கிருந்து போய் அமெரிக்காவில் இருந்தவர்கள் இரண்டாயிரம் பேர். ரோமாபுரி அவர்களுக்கு வரி கேட்கும் ஊர், நியூயார்க்தான் தலைநகரம். வீட்டுச் சுவர்களில் விஜ்ஜானோவின் கறுப்பு மாதாவும் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் அருகருகே தொங்கினார்கள் என்று எழுதுகிறார். நான் நடந்த தெருக்களில் மூன்றில் ஒரு கதவாவது துருப்பிடித்த பூட்டோடு இருந்தது. ஒரு வீட்டின் முகப்பில் ஜன்னல்களே கண்ணாக, நடுவே மூக்கும் கீழே வாயுமாக ஒரு முகம் அமைந்திருக்கிறது. திருஷ்டி கழிய அப்படிக் கட்டினார்களாம். அந்த வீடு பார்த்துக்கொண்டே இருக்கிறது. எதிரே வருபவர்கள் குறைவு.

தங்கிய வீட்டு அம்மாள் இரவில் மிளகாய் பொரித்துத் தந்தார். பக்கத்துச் செனீசே ஊரின் காரமில்லாத நீள மிளகாய். நூலில் கோத்து வெயிலில் காயவைத்து, இந்த ஊர் மயாத்திக்கா ஒலிவ எண்ணெயில் சில நொடிகள் மட்டும் போட்டு எடுக்கிறார்கள். மோர் மிளகாயைப்போல் நொறுங்கியது. கண் இமைத்தால் கருகிவிடும் என்று சொல்லிக்கொண்டே, அடுப்பிலிருந்து பார்வையை எடுக்காமல் பேசினார். மகன் வடக்கே தொழிற்சாலையில் இருக்கிறானாம், ஆகஸ்டில் வருவானாம்.

1936 மே மாதம் அடிஸ் அபாபா இத்தாலியப் படையிடம் விழுந்தது. அந்த வெற்றிக்காகக் கைதிகளுக்கு விடுதலை அறிவித்தார்கள். லெவியும் விடுதலையானார். ஆனால் அவரால் உடனே கிளம்ப முடியவில்லை. ஏதேதோ சாக்குச் சொல்லி இன்னும் சில நாள் தங்கினார். திரும்பி வருவேன் என்று ஜனங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசி நாள் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். ஊருக்கு மேலே, காற்று வீசும் இடம். லெவி உலவ அனுமதிக்கப்பட்ட தூரத்தின் விளிம்பு அது. கோடை மதியங்களில் அங்கே வெட்டி வைத்த வெற்றுக் குழி ஒன்றில் இறங்கி, குளிர்ச்சிக்காகப் படுத்துக்கொள்வாராம், பரோனே என்ற நாய் துணைக்கு. குழிக்குள்ளிருந்து பார்த்தால் வானம் மட்டும்தான். 1975 ஜனவரி 4 அன்று ரோமில் இறந்தவரை இங்கேதான் கொண்டுவந்து புதைத்தார்கள். எளிய கல்லறை. யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால், அவர்கள் வழக்கப்படி வழியில் பொறுக்கிய கூழாங்கல் ஒன்றை அதன்மேல் வைத்தேன். கீழே சரிவுகளில் நிழல் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

திரும்பும்போது அந்தப் பாட்டிமார் அதே நாற்காலிகளில் இருந்தார்கள். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டார் முதலாமவர். சொன்னேன். என் செருப்பில் அப்பியிருந்த களிமண்ணைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, அவருக்குக் காது மந்தம்போலும், உரக்கச் சொன்னார்:

“இவள் டான் கார்லோவுக்குச் சொந்தம்.”